போர் கண்ட கவசம்: அழுக்காகத் தெரியாமல் அடிபட்டதாகத் தெரிய என்ன செய்வது?

#1 புதுப்படை

பெயின்ட் அடிக்கும் விளையாட்டுச் சிறு சிலைகள், 32 மி.மீ. அளவில் 20 காலாட்படை வீரர்கள். மார்பு, முன்கை, முழங்கால் எல்லாம் வெற்று இரும்புத் தகடு. தோள்கவசம் மட்டும் சிவப்புப் பூச்சு, அதன் ஓரப்பட்டை பித்தளை. பல போர் பார்த்த படையாக வரவேண்டும்.

இதுவரை செய்த வரிசை: கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு), லெட்பெல்ச்சர் (இரும்பு நிற பெயின்ட்), உருவம் முழுக்க நல்ன் ஆயில் (இடுக்கில் இறங்கி இருட்டாக்கும் நீர்த்த கறுப்பு, அதாவது வாஷ்), காய்ந்ததும் ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வர் (பளிச்சென்ற வெள்ளி நிறம்) டிரைபிரஷ், அதாவது பெயின்ட்டைத் துடைத்த பிரஷ்ஷால் மேட்டில் மட்டும் தேய்ப்பது. பிறகு ஸ்பாஞ்சில் அதே சில்வரைத் தொட்டு எல்லாப் பக்கமும் ஒற்றியாயிற்று. அதற்கு மேல் துருவுக்காக டைஃபஸ் கரோஷன், ரைசா ரஸ்ட், கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ்.

கிட்டத்தில் பார்த்தால் மிளகு தூவியதுபோல் புள்ளி. மேசையில் வைத்தால் ஒரே சாம்பல் கலந்த பழுப்பு. மார்புத்தகட்டில் வாஷ் வட்டம் வட்டமாகக் கறை கட்டியிருக்கிறது. வார்னிஷ் அடித்த பிறகு இரும்பின் மினுக்கமே போய்விட்டது. எந்தப் படி தவறு? ஒரு உருவம்தான் முடிந்திருக்கிறது, மீதி 19 லெட்பெல்ச்சரோடு நிற்கின்றன.

#2 இரும்புத்துகள்

பெயின்ட் தேர்வில் குறையே இல்லை. எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் போட்டதுதான் சிக்கல்.

முதலில் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த உருவங்கள் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. 0.3 மி.மீ. அகலத்தில் ஒரு கீறல் போட்டால் நிஜக் கவசத்தில் அது 18 மி.மீ. அகலம். அதாவது விரல் அகலத்துக்குப் பிளந்த தகடு. ஸ்பாஞ்ச் விடும் சராசரிப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 6 செ.மீ. திட்டு. அப்படி ஐம்பது திட்டு உள்ள கவசத்தை யாரும் போட்டுக்கொண்டு போருக்குப் போகமாட்டார்கள். கண் அதை அடி என்று எடுத்துக்கொள்ளாமல் புள்ளி என்று எடுத்துக்கொள்வது அதனால்தான்.

அடுத்தது, தேய்மானத்துக்குக் காரணம் வேண்டும். கவசம் கெடுவது மூன்று வழியில். அடிபடும், உரசும், ஈரம் தங்கும். மூன்றும் ஒரே இடத்தில் நடப்பதில்லை.

அடிபடும் இடம்: எதிரி வலதுகைக்காரன் என்றால் வெட்டு பெரும்பாலும் இவனுடைய இடது தோளிலும் தலைக்கவசத்தின் இடப்பக்கத்திலும் விழும். ஆனால் இடக்கையில் கேடயம் இருந்தால் அந்த அடியைக் கேடயம் வாங்கிக்கொள்ளும். அப்போது வலது முன்கை, வலது தோள், முழங்காலுக்குக் கீழ் என்று மாறும். உங்கள் உருவங்களில் கேடயம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் வெட்டுக்காயம் வேண்டவே வேண்டாம்.

உரசும் இடம்: கை உடம்பில் படும் அக்குள் ஓரம், உறை தொங்கும் தொடைப்பக்கம், முழங்கை முனை, கேடயத்தின் கீழ் விளிம்பு. இங்கே துரு நிற்காது, தேய்ந்து பளபளக்கும்.

ஈரம் தங்கும் இடம்: தகடு மேல் தகடு ஏறும் மடிப்பு, ரிவெட்டைச் சுற்றி, தோல்வாருக்கு அடியில், காலணிக்கு மேலே உள்ள பகுதி. துருவுக்கு இடம் இங்கே மட்டும்தான்.

ஒரு உருவத்துக்குப் பெரிய அடி இரண்டு, சிறு கீறல் ஐந்தாறு போதும். மார்புத்தகட்டில் பாதிக்குமேல் சுத்தமாக விடுங்கள். சுத்தமான இடம் இருந்தால்தான் அடிபட்ட இடம் தெரியும்.

#3 மெல்லியகோடு

வாஷ் கறைக்கு வருகிறேன். வாஷ் காயும்போது விளிம்பிலிருந்து காயத் தொடங்கும், நிறத்துகள் அந்த விளிம்புக்கு இழுபட்டுப் போய் வளையமாக நிற்கும். தகடு அகலமாக இருந்தால் வளையம் அப்படியே தெரியும். இதைத் தடுக்க மூன்று வேலை:

நல்ன் ஆயிலை அப்படியே ஊற்றாமல் லாமியன் மீடியத்தோடு (பெயின்ட்டை நீர்க்க உதவும் நிறமில்லாத திரவம்) சரிபாதி கலக்கவும். மீடியம் கைவசம் இல்லையென்றால் வேறெந்த மேட் மீடியமும் ஆகும். தண்ணீர் மட்டும் கலந்தால் வளையம் இன்னும் மோசமாகும்.

ஒவ்வொரு தகடாகப் போடவும். ஒரு தகட்டில் போட்டதும், வேறொரு ஈரமான சுத்த பிரஷ்ஷால் நடுவில் தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிடவும். வாஷ் மடிப்பில் மட்டும் நிற்கவேண்டும்.

பாதி காய்ந்ததை மறுபடி தொடக்கூடாது. பெரும்பாலான கறை இப்படித்தான் வருகிறது. சரியில்லை என்று தோன்றினாலும் முழுக்கக் காயவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

காய்ந்த பிறகு லெட்பெல்ச்சரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து தகட்டின் மேல்பாதியில் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. கறையும் மறையும், மேலிருந்து வெளிச்சம் விழுவதுபோலும் ஆகும்.

டிரைபிரஷ்ஷைத் தகட்டுக் கவசத்தில் விட்டுவிடுங்கள். சமதளத்தில் அது தூள் தூளாகத்தான் படியும். வளையக் கவசத்துக்கு மட்டும் அது பொருத்தம், ஏனென்றால் வளையங்கள் ஒன்றோடொன்று உரசி மேல்முகம் தானாகவே தேய்ந்து பளிச்சென்று இருக்கும், இடுக்கு இருண்டிருக்கும். அந்தக் காலத்தில் வளையக் கவசத்தை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டித் துரு நீக்கியதும் இந்த உரசலை நம்பித்தான்.

இன்னொன்று: உலோக பெயின்ட்டுக்குத் தனிக் கிண்ணம், தனி பிரஷ். உலோகத் துகள் தண்ணீரில் மிதந்து அடுத்த நிறத்தில் ஏறிவிடும். சிவப்புத் தோள்கவசம் மினுமினுத்தால் காரணம் கிண்ணம்தான்.

#4 துருவண்ணம்

துரு பற்றி. டைஃபஸ் கரோஷனில் நொய் போன்ற துகள் கலந்திருக்கிறது. சமதளத்தில் பூசினால் இந்த அளவில் அது துருவாகத் தெரியாது, சேறு அப்பியதுபோல் இருக்கும். மடிப்புக்குள் நுனி பிரஷ்ஷால் வைத்தால் நன்றாக இருக்கும். ரைசா ரஸ்ட் கெட்டியான ஆரஞ்சு, டிரைபிரஷ்ஷுக்கென்றே செய்தது. அதைப் பரவலாகத் தேய்த்தால் உருவமே ஆரஞ்சாகிவிடும்.

பழைய துரு கரும்பழுப்பு, புதுத்துரு ஆரஞ்சு. பரப்பில் பழையது அதிகம், புதியது கொஞ்சம். அதே விகிதத்தில் போடுங்கள்:

ரைனாக்ஸ் ஹைட் (கரும்பழுப்பு) ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. ரிவெட்டைச் சுற்றியும் மடிப்பிலும் ஒழுங்கில்லாத திட்டாக. ஓரம் ஒரே வட்டமாக இருக்கக்கூடாது. காய்ந்ததும் அந்தத் திட்டுக்கு உள்ளே, அதைவிடச் சின்னதாக ஸ்க்ராக் பிரவுன் (வெளிர்ந்த பழுப்பு), அதே அளவு தண்ணீரோடு. கடைசியில் ட்ரோல் ஸ்லேயர் ஆரஞ்சு குத்துப்புள்ளி, ஒரு திட்டுக்கு ஒன்றோ இரண்டோ. ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடவும், இல்லாவிட்டால் இவ்வளவு நீர்த்த பெயின்ட் ஓடிவிடும்.

ரிவெட்டிலிருந்து துருநீர் வழிந்த கோடு வேண்டுமென்றால் ரைனாக்ஸ் ஹைட்டை இன்னும் நீர்த்து 2 முதல் 3 மி.மீ. நீளத்துக்குக் கீழ்நோக்கி இழுக்கவும். மேலே அகலம், கீழே ஊசி. வீரன் குனிந்து நிற்கும் சிலை என்றாலும் அவன் நிமிர்ந்து நடக்கும்போது எது கீழோ அந்தத் திசையில்தான் வழியவேண்டும்.

ஓரப்பட்டை பித்தளை என்று எழுதியிருக்கிறீர்கள். முடித்த உருவத்தில் அதற்கும் ஆரஞ்சுத் துரு வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். துரு இரும்புக்கு, செம்பிலும் பித்தளையிலும் ஏறுவது களிம்பு, அது பச்சை கலந்த நீலம். அந்தக் களிம்பு நிறத்து நிஹிலாக் ஆக்ஸைடை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து இடுக்கில் மட்டும் விட்டு, மேட்டில் பட்டதை உடனே ஈர விரலால் துடைத்தெடுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை கண்ணில் குத்தும், ஆகவே பட்டையின் ஒரு முனையில் மட்டும் இருக்கட்டும். மீதிக்கு அக்ராக்ஸ் எர்த்ஷேட் (பழுப்பு வாஷ்) போதும்.

#5 ஈரத்தூரிகை

சிவப்புத் தோள்கவசத்தில் பூச்சு பெயர்ந்ததைக் காட்ட நேரடியாக சில்வரை ஒற்றக்கூடாது. சிவப்புக்கும் வெள்ளிக்கும் நடுவே ஒரு இருட்டு இல்லாவிட்டால் சில்வர் மேலே ஒட்டியதுபோல் நிற்கும், பெயர்ந்து உள்ளே தெரிவதுபோல் இருக்காது.

ஸ்பாஞ்ச் முறை: நுரைப்பஞ்சைக் கத்தரிக்காமல் பிய்த்து எடுங்கள், பிய்த்த முகம்தான் வேலைக்கு ஆகும். பட்டாணி அளவு போதும். குறட்டில் பிடித்து கரும்பழுப்பைத் தொடவும். வலேயோ மாடல் கலர் 70.822 இதற்கென்றே பலர் வைத்திருக்கும் நிறம். ரைனாக்ஸ் ஹைட்டில் கொஞ்சம் கறுப்பும் ஆகும். காகிதத்தில் பத்துப் பதினைந்து முறை ஒற்றி, ஏறக்குறைய எதுவுமே படியாத நிலை வந்த பிறகு கவசத்தின் விளிம்பில் மட்டும் ஒற்றவும். விளிம்பு கெட்டால் இயல்பாக இருக்கும். நடுத்தகட்டில் ஸ்பாஞ்ச் வேண்டாம்.

பிறகு அந்தக் கரும்பழுப்புத் திட்டுகளில் பெரியது மூன்று நான்கைத் தேர்ந்து, அதனுள்ளே லெட்பெல்ச்சர், சுற்றிலும் மயிரிழை அளவு பழுப்பு மிஞ்சும்படி. திட்டின் கீழ் ஓரத்தில் மட்டும் சிவப்பைவிட வெளிர்ந்த நிறத்தில் ஒரு கோடு. பெயர்ந்த பூச்சின் தடிப்பில் வெளிச்சம் படுவது அந்தக் கோடு. திட்டு தடித்துத் தெரிவது அதனால்தான்.

ஹேர்ஸ்ப்ரே முறையும் உண்டு: இரும்பு நிறம், அதன்மேல் வார்னிஷ், நன்றாகக் காய்ந்ததும் ஹேர்ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு, அதன்மேல் ஏர்பிரஷ்ஷில் சிவப்பு. தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒரு நிமிடம் கழித்து முரட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் பூச்சு உரியும்.

#6 மெல்லியகோடு

> ஹேர்ஸ்ப்ரே முறையும் உண்டு

பெரிய வாகனத்துக்கும் அரக்கனின் மார்புக்கும் அருமை. 32 மி.மீ. தோள்கவசத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சிவப்பு கொஞ்சம் தடித்தாலும் பாதித் தோள் ஒரே ஏடாக உரிந்து வரும். ரப்பர்போல் இழுபடும் பாலியூரிதேன் வகை பெயின்ட் என்றால் நிச்சயம் அப்படித்தான். மறுநாள் வரை விட்டுவிட்டால் உரிவதே கடினம். கை பிரஷ்ஷால் சிவப்புப் பூசினால் பெயின்ட்டில் இருக்கும் தண்ணீரே ஹேர்ஸ்ப்ரேயைக் கரைத்துக் குழைத்துவிடும். 20 பேருக்கு ஸ்பாஞ்ச்தான் சரி.

#7 ஈரத்தூரிகை

அளவு பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் படைத்தலைவன் போன்ற பெரிய உருவத்தில் முயலலாம். சிவப்பைத் தின்னர் சேர்க்காமல் தண்ணீரில் நீர்த்தால் சிறு சிறு சில்லாக உரியும்.

#8 புதுப்படை

எல்லாருக்கும் நன்றி. கேடயம் உள்ளவை 12, இல்லாதவை 8 என்று பிரித்துவிட்டேன். இரண்டு கேள்வி. வெட்டுக்கீறலும் ஒடுக்கும் சிலையில் வார்க்கப்படாத இடத்தில் எப்படிப் பெயின்ட்டாலேயே காட்டுவது? வார்னிஷ் மினுக்கத்தைக் கொல்லாமல் என்ன செய்வது?

#9 இரும்புத்துகள்

ஒடுக்கு முதலில். நசுங்கிய பித்தளைக் குடத்தை மேலே விளக்கு இருக்கும்போது பாருங்கள். பள்ளத்தின் மேல் உதடு இருட்டாக இருக்கும், கீழ் உதடு மின்னும். வெளிச்சம் மேலிருந்து வருவதால் பள்ளத்தின் மேல்சரிவு நிழலில் போகிறது, கீழ்ச்சரிவு வெளிச்சத்தை நேருக்கு நேர் வாங்குகிறது. இதை அப்படியே எழுதவேண்டும்.

பிரஷ் 0 அல்லது 1, நுனி நன்றாகக் கூடவேண்டும். 000 வாங்கவேண்டாம், வயிறு சின்னது, தகட்டுக்குப் போவதற்குள் நுனியிலேயே பெயின்ட் காய்ந்துவிடும். கரும்பழுப்பு ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு. 2 மி.மீ. அகலத்தில் ஒரு பிறை, முதுகு மேல்நோக்கி, நடுப்பகுதி தடித்து இரு முனையும் மறையும்படி. காயும் முன் ஈர பிரஷ்ஷால் பிறையின் உள்ளோரத்தைக் கீழே தடவிக் கரைத்துவிடுங்கள், மேலோரம் கூர்மையாகவே இருக்கட்டும். காய்ந்ததும் 1.5 மி.மீ. கீழே எதிர்ப்பிறை, ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வரில், முதலாவதைவிட மெல்லிசாக. அதன் நடுவில் நீர்க்காத சில்வர் ஒரு புள்ளி. நடுவில் இருக்கும் லெட்பெல்ச்சரைத் தொடவேண்டாம்.

மாற்றிப் போட்டால், அதாவது மேலே வெளிச்சம் கீழே இருட்டு என்றால், அது மேடு. பார்ப்பவர் கண்ணுக்கு ரிவெட்போல் புடைத்து நிற்கும். ஒடுக்கு எடுபடவில்லை என்று காட்டப்படும் பெரும்பாலான படங்களில் நடந்திருப்பது இதுதான்.

கீறலும் இதே கணக்கு. 0.2 மி.மீ. கருங்கோடு, ஒட்டினாற்போல் அதன் அடியில் சில்வர் கோடு. தொடங்கும் இடத்தில் அழுத்தம், முடியும் இடத்தில் நூல். ஒரு அடி எப்போதும் தகட்டின் எல்லையை மதிக்காது. மார்புத்தகட்டில் தொடங்கிய கீறல் நடுவில் மடிப்பைத் தாண்டி இடுப்புத்தகட்டில் அதே நேர்கோட்டில் 1 மி.மீ. தொடர்ந்தால், அது ஒரே வாளின் ஒரே வீச்சு என்று பார்த்தவுடனே புரியும். அழகுக்காகத் தகட்டின் வளைவை ஒட்டிக் கீறல் போட்டால் அது வேலைப்பாடாகிவிடும். இரண்டு மூன்று கீறல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்கட்டும். பெருக்கல் குறி வேண்டாம்.

வாள் தகட்டை வெண்ணெய்போல் வெட்டிவிடாது, வழுக்கிக் கீறும். தண்டாயுதமும் போர்ச்சுத்தியலும் ஒடுக்கும் துளையும் போடும். எதிரிப்படை என்ன ஆயுதம் வைத்திருக்கிறது என்று யோசித்து அந்த வகையை அதிகம் வையுங்கள்.

#10 துருவண்ணம்

நெருப்புப்பட்ட கவசம் ஒன்றாவது சேருங்கள், டிராகன் இருக்கும் உலகத்தில் அது பொருத்தம். எஃகு சூடேறும்போது ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை ஒட்டி நீலம். ஆகவே நெருப்புப்பட்ட நடுவுக்குப் பக்கத்தில் நீலம், அதற்கு வெளியே ஊதா, கடைசி வளையம் மஞ்சள். ட்ராக்கன்ஹாஃப் நைட்ஷேட் (நீலம்), ட்ரூச்சி வயலட் (ஊதா), செராஃபிம் சேபியா (மஞ்சள் கலந்த பழுப்பு) ஆகிய வாஷ் மூன்றையும் மீடியம் கலந்து ஒன்றன் ஓரத்தில் ஒன்று ஏறும்படி. நடுவில் கரிக்கறுப்பு. மஞ்சளை உள்ளே போட்டுவிடாதீர்கள்.

#11 ஈரத்தூரிகை

வார்னிஷ். மேட் வார்னிஷில் வெளிச்சத்தைச் சிதறடிக்க நுண்தூள் கலந்திருக்கிறது. உலோக பெயின்ட் மின்னுவதே அதன் சில்லுகள் வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்புவதால். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். உலோகத்துக்கு சாட்டின் (அரைப்பளபளப்பு) வார்னிஷ், துணி, தோல், முகத்துக்கு மேட் என்று பிரஷ்ஷால் பிரித்துப் பூசலாம். ஸ்ப்ரேதான் என்றால் மேட் அடித்துக் காயவிட்டு, விளிம்பு ஹைலைட்டையும் கீறலின் சில்வர் கோட்டையும் அதற்குப் பிறகு போடுங்கள். துரு மந்தமாகவும் தேய்ந்த விளிம்பு பளிச்சென்றும் நிற்கும். அந்த வேறுபாடு நிறத்தைவிட அதிகமாக வேலை செய்யும்.

காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் வெளுத்துப் பூத்துவிடும். டப்பாவை இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்காவிட்டாலும் அதே கதி. 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் வீச்சாக அடிக்கவும்.

இந்தப் படைக்கு ஆயில் வாஷ், அதாவது எண்ணெய் பெயின்ட்டை நீர்த்துச் செய்யும் வாஷ், மிகவும் கைகொடுக்கும். முதலில் கிளாஸ் (முழுப்பளபளப்பு) வார்னிஷ், ஒரு நாள் காயவேண்டும். பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்ட்டை அட்டைத்துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சும், காய்ந்தபின் எண்ணெய்ப்பளபளப்பு குறையும். அதை ஒரு பங்குக்கு மணமில்லாத வொயிட் ஸ்பிரிட் (எண்ணெய் பெயின்ட்டைக் கரைக்கும் திரவம்) எட்டு அல்லது பத்துப் பங்கு கலக்கவும். தகட்டில் பூசி 20 முதல் 30 நிமிடம் விட்டு, மேக்கப் ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாகத் துடைக்கவும். மடிப்பில் மட்டும் நிற்கும், துடைத்த திசையில் மெல்லிய வழிசல் தானாக விழும். அதிகமாகத் துடைத்துவிட்டால் மறுபடி போடலாம், அடியில் உள்ள அக்ரிலிக்குக்கு ஒன்றும் ஆகாது.

#12 மெல்லியகோடு

சாதாரண வீரர்கள் 20 பேருக்கு ஆயில் தேவையா? காய இரண்டு மூன்று நாள் ஆகும். தலைவனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமே.

#13 ஈரத்தூரிகை

எண்ணிக்கை கூடும்போதுதான் ஆயிலின் லாபம் தெரியும். அக்ரிலிக் வாஷில் ஒவ்வொரு தகடாகத் தேங்கலை உறிஞ்சவேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆயிலில் 20 பேருக்கும் கவலையில்லாமல் பூசி, 20வது முடிந்ததும் முதலாவதைத் துடைக்கத் தொடங்கலாம். வளையக்கறை என்ற பேச்சே இல்லை. காயும் நாள் பற்றி: அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது வேகமாகக் காயும் நிறம். ஐவரி பிளாக் சேர்த்தால்தான் இழுத்தடிக்கும், அதைத் தவிர்க்கலாம்.

கவனம் வேண்டியவை: ஜன்னல் திறந்திருக்கட்டும். வார்னிஷ் படாத வெறும் பிளாஸ்டிக்கில் ஸ்பிரிட் தேங்கக்கூடாது, ஒட்டுப்பகுதி நொறுங்கும். எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது சூடேறும், குவியலாக இருந்தால் தானே பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

#14 மெல்லியகோடு

துடைக்கும் வரிசை பற்றிய கணக்கு சரிதான். இந்த எண்ணிக்கைக்கு ஆயில் என்பதையே நானும் வழிமொழிகிறேன்.

#15 புதுப்படை

அப்படியானால் வரிசை எப்படி வரும்? புழுதி காட்டும் பிக்மென்ட் தூள் (உலர்ந்த நிறத்தூள்) எங்கே? முடிந்துபோன அந்த முதல் உருவத்தைக் காப்பாற்ற முடியுமா?

#16 இரும்புத்துகள்

மீதி 19 பேருக்கு: இரும்பு, சிவப்பு, பித்தளை அடிநிறங்கள். தகட்டின் மேல்பாதியில் நீர்த்த ஸ்டார்ம்ஹோஸ்ட். விளிம்பில் ஸ்பாஞ்ச், அதனுள் லெட்பெல்ச்சர். ஒடுக்கு, கீறலின் இருட்டுப் பகுதி மட்டும். கிளாஸ் வார்னிஷ், ஒரு நாள். ஆயில், துடைப்பு, மூன்று நாள். துரு, களிம்பு. மேட் வார்னிஷ். அதன்மேல் சில்வர் கோடுகள், கீழுதட்டுப் பிறைகள், தேய்ந்த விளிம்புகள். சில்வர் கடைசி என்பதை மட்டும் மாற்றவேண்டாம். ஆயில் மேலே படிந்தால் அது மங்கிவிடும்.

பிக்மென்ட் எல்லாவற்றுக்கும் பிறகு, காலணியிலும் முழங்கால் வரையிலும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டாகப் பக்கத்தில் வைத்தால் அதுவே பரவிப் பிடித்துக்கொள்ளும். பிரஷ்ஷால் தேய்த்தால் தூள் ஓடிவிடும். நனைந்தபோது மிகவும் கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளிறும், அவசரப்பட்டு மேலும் தூவவேண்டாம். மேலே வார்னிஷ் அடித்தால் தூளின் மந்தம் போய்விடும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் மூக்கில் போகக்கூடியது.

முதல் உருவத்தைக் கழுவவேண்டியதில்லை. துரு வேண்டாத தகடுகளில் டைஃபஸ் கரோஷன் துகளைக் கட்டைப்பல் முனையால் சுரண்டி எடுங்கள். அந்தத் தகடுகளுக்கு மட்டும் லெட்பெல்ச்சர் இரண்டு மெல்லிய பூச்சு. மடிப்பில் இருக்கும் இருட்டும் துருவும் அப்படியே இருக்கட்டும். பிறகு இடது தோளில் ஒரு ஒடுக்கு, மார்பிலிருந்து இடுப்புக்கு ஒரு கீறல். கேடயம் உள்ளவன் என்றால் தோள் மட்டும் வலது.